ஹிமெஜி: மூன்று அகழி, ஒரு கோட்டை, ஒன்பது தோட்டம்

ஜப்பானின் ஒசாக்காவுக்குப் போகிற சிங்கப்பூர்க் குடும்பங்கள், வெள்ளைக் கோட்டைக்குப் பேர்போன ஹிமெஜி நகரத்துக்கு அரை நாள் ஒதுக்குவது வழக்கம். பெரும்பாலும் அந்த அரை நாள் மதியத்துக்குப் பிறகுதான். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோட்டை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. உள்ளே விடுவது 4 மணி வரைதான். நவம்பர் கடைசியில் அந்த ஊரில் 5 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெள்ளைக் கோட்டைக்கு முன்னால் நின்று ஒரு படம், வரிசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு, திரும்பிவிட வேண்டியதுதான். பக்கத்திலேயே இருக்கும் கோகோஎன் தோட்டத்தை எட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

எந்தப் பள்ளி விடுமுறையில் போவது? ஆண்டு இறுதி விடுமுறை என்றால் தயங்கவே வேண்டாம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடும் நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் அங்கே மேப்பிள் இலைகள் சிவக்கின்றன. ஜூனில் மழைக்காலம், கோட்டையின் கல் சரிவுகள் நனைந்து வழுக்கும். மார்ச் நடுவில் வரும் ஒரு வார விடுமுறையை நம்பி, செர்ரிப் பூ பார்க்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். ஹிமெஜியில் பூப்பது பெரும்பாலும் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை. நீங்கள் பார்க்கப்போவது மொட்டைத்தான். செப்டம்பரில் வெயிலும் உண்டு, புயலும் உண்டு. இன்னொன்று: டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் கோட்டைக்கு விடுமுறை. புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இரண்டு நாளில்தான்.

2026 மார்ச் முதல் நுழைவுச்சீட்டு விலை மாறியிருக்கிறது. ஹிமெஜி நகரவாசி அல்லாத, 18 வயது நிறைந்த எவருக்கும் 2,500 யென். நகரவாசிகளுக்கு 1,000 யென். 18 வயதுக்குக் கீழே இலவசம். ஆகவே நான்கைந்து பிள்ளைகளோடு போகும் கூட்டுக் குடும்பத்துக்குப் பிள்ளைகளின் சீட்டுச் செலவாவது மிச்சம். தேசிய சேவைக்குப் போகும் வயதில் பையன் இருந்தால் அவனுக்கு மட்டும் முழுக் கட்டணம். வயதைக் கேட்டால் காட்டப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். தோட்டத்துக்குத் தனிக் கட்டணம், முந்நூறு யென் சொச்சம். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்த சீட்டு கவுன்டரில் கேட்டால் கிடைக்கும். தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு.

ஒசாக்கா நிலையத்திலிருந்து ஷின்கைசொக்கு என்ற விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். பெரியவர்களுக்குச் சுமார் 1,500 யென், 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, சீட்டு வாங்கிய ஒருவருக்கு இரண்டு பேர் வரை காசில்லை. ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயில் என்றால் ஷின்-ஒசாக்காவிலிருந்து அரை மணி நேரம்தான். விலையோ இரண்டு மடங்குக்கு மேல். ஒசாக்கா நிலையத்துக்கு அருகில் தங்கியிருப்பவர் ஷின்-ஒசாக்காவுக்குப் போய் மாறி ஏறுவதற்குள் மிச்சமாகும் நேரத்தில் பாதி கரைந்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கான கான்சாய் ஏரியா ரயில் பாஸ் வைத்திருந்தால் ஷின்கைசொக்கு அதிலேயே அடங்கும், ஷிங்கன்சென் அடங்காது. இதைக் கவனிக்காமல் ஷிங்கன்சென் வாசலில் பாஸை நீட்டிவிட்டு விழிக்கிறவர்கள் உண்டு. மின்படியில் நாம் இடப்பக்கம் நின்று பழகியவர்கள். ஒசாக்காவில் வலப்பக்கம் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பின்னால் வருகிறவர் முனகமாட்டார்.

ஏழே முக்காலுக்கு ஏறினால் ஒன்பது மணிக்குக் கோட்டைப் பக்கம் வந்துவிடலாம். பெட்டிகள் இருந்தால் ஹிமெஜி நிலையத்து லாக்கரில் வைத்துவிடுங்கள். வடக்கு வாசலில் வெளியே வந்ததும் நேரெதிரே, சாலையின் கடைசியில், கோட்டை தெரியும். ஒரு கிலோமீட்டர், தட்டையான அகன்ற நடைபாதை, தாத்தா பாட்டியோடு இருபது நிமிடம். பேருந்தும் உண்டு. கால் வலி இல்லாதவர்கள் நடப்பதே மேல். காரணம், அந்த ஒரு கிலோமீட்டரில் நீங்கள் மூன்று அகழிகளைத் தாண்டுகிறீர்கள், அவற்றில் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

கோட்டையைச் சுற்றி அகழி மூன்று சுற்றாகச் சுருள்வடிவில் வெட்டப்பட்டிருந்தது. வெளி அகழியின் தென்பகுதி இன்றைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடியது. அது தூர்ந்து நகரமாகிவிட்டது. நிலையத்து வாசலில் தாழ்வான பள்ளத்தில் ஒரு பூங்கா இருக்கிறதே, அது அந்த அகழியின் நினைவாக அமைத்ததுதான். பாதி வழியில் பெரிய குறுக்குச் சாலை ஒன்று வரும். தேசிய நெடுஞ்சாலை எண் 2. நடு அகழியின் தென்பகுதியை மூடித்தான் அந்த வழியே சாலை போட்டிருக்கிறார்கள். பச்சை விளக்குக்குக் காத்து நிற்கும்போது சாலையோரத்தைப் பாருங்கள், பழைய கற்சுவரின் மிச்சம் தெரியும். மூன்றாவதுதான் தண்ணீரோடு இருக்கும் உள் அகழி. சராசரி அகலம் சுமார் 20 மீட்டர். வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத்தான் படும். ஆனால் வேலூரில் தண்ணீரைத் தாண்டிவிட்டால் பாதிக் கோட்டை உங்கள் கையில். இங்கே தண்ணீரைத் தாண்டிய பிறகுதான் தொல்லையே ஆரம்பம்.

சகுரா வாசல் பாலம் வழியே அகழியைக் கடந்து ஓத்தே வாசலுக்குள் போனால் பெரிய புல்வெளி. இதுவரை சீட்டு வேண்டியதில்லை. மழலைகளை ஓடவிடுவதற்கும் கட்டுச்சோறு பிரிப்பதற்கும் ஏற்ற இடம். பருவத்தையும் நாளையும் பொறுத்து உள் அகழியில் மரப்படகும் விடுகிறார்கள். அன்றன்றைக்கு அங்கேயே சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டைக்குள் நுழையும் முன்பே படகுக்கு நேரம் எடுத்து வையுங்கள், பிறகு கேட்டால் தீர்ந்திருக்கும்.

சீட்டுக் கவுன்டரைத் தாண்டி ஹிஷி வாசல். அங்கிருந்து பெரிய கோபுரத்துக்கு நேர்க்கோட்டில் 130 மீட்டர். நடக்க வேண்டியதோ 325 மீட்டர். இந்தக் கணக்கில்தான் கோட்டையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. 84 வாசல்கள் இருந்த இடத்தில் இப்போது எஞ்சியவை 21. பல வாசல்களுக்கு நாம் அ, ஆ, இ என்பதுபோல ஜப்பானிய எழுத்து வரிசையில் இ, ரோ, ஹா, நி, ஹோ என்றுதான் பெயர். பிள்ளைகளை அந்த வரிசையில் எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஹா வாசல் தாண்டியதும் பாதை அப்படியே பின்பக்கம் திரும்பி, கோபுரத்துக்கு முதுகு காட்டும். நி வாசலின் உட்புறம் இருட்டு, கூரை தாழ்வு. வேல் பிடித்த ஆள் நிமிர்ந்து நுழைய முடியாது. அதற்கும் மேலே போனால் தண்ணீர் வாசல்கள் என்ற தொடர். அங்கே பாதை மேலேறாமல் கீழிறங்கும். வெளியே போகிற வழிக்கு வந்துவிட்டோமோ என்று எதிரி குழம்புவதற்காக. இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தில் நின்று வழிகாட்டிப் பலகையைத் தேடுகிறார்கள். நானூறு ஆண்டு கழித்தும் அந்தத் தந்திரம் பலிக்கிறது.

வழியெல்லாம் சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் எனத் துளைகள். நெடுக்காக இருக்கும் நீள்சதுரம் வில்லுக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. ஆயிரம் போல மிச்சமிருக்கின்றன. ஒரு துளைக்கு முன்னால் குனிந்து உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே அகலமாகவும் வெளியே குறுகலாகவும் இருக்கும். உள்ளிருப்பவன் ஆயுதத்தை இடவலமாகத் திருப்பலாம், வெளியிலிருப்பவனுக்குக் கையகலம்தான் இலக்கு. இத்தனை ஏற்பாடும் செய்த கோட்டையில் அது கட்டி முடிந்த 1609க்குப் பிறகு பெரிய சண்டை எதுவும் நடக்கவே இல்லை. 1945 ஜூலை குண்டுவீச்சில் சுற்றியிருந்த ஊர் எரிந்தது. கோபுரத்தின் மேல்தளத்தில் விழுந்த எரிகுண்டு மட்டும் வெடிக்கவில்லை.

வெள்ளை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெயின்ட் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்போடு சணல் போன்ற நாரையும் கடற்பாசியைக் காய்ச்சிய பசையையும் கலந்து பூசுகிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் செய்த வேலையை இங்கே பாசி செய்கிறது. சுவருக்கு மட்டுமில்லை, கூரை ஓடுகள் சேரும் இடுக்குகளுக்கும் இதையே பூசியிருப்பதால்தான் தூரத்திலிருந்து கூரையும் வெளுப்பாகத் தெரிகிறது. 2009 முதல் 2015 வரை பழுதுபார்த்து முடித்தபோது கண் கூசும் வெள்ளை. ஈரத்தில் பூஞ்சணம் படியப் படிய ஓட்டு இடுக்குகள் சாம்பல் நிறமாகும். பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் நிறம் வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம், கேமரா இல்லை.

பிள்ளைகள் சலித்துக்கொண்டால் கூரை விளிம்பு ஓடுகளைக் காட்டுங்கள். ஆண்ட ஒவ்வொரு குடும்பமும் தன் சின்னத்தைப் பதித்திருக்கிறது. இகெதா குடும்பத்தின் பட்டாம்பூச்சியைக் கண்டுபிடிப்பது எளிது. நி வாசல் கூரையில் ஒரே ஓர் ஓட்டில் சிலுவை இருக்கும், அதைப் பிடிப்பதற்குத்தான் கழுத்து வலிக்கும். இன்னொன்று, கற்சுவரில் கம்பிவலை போட்டுக் காத்துவரும் ஒரு கல். பாட்டிகளுக்கு அதைப் பார்த்ததும் புரியும். திருகைக் கல். இங்கே முதலில் கோட்டை எழுப்பிய படைத்தலைவர் ஹிதெயோஷி, கோட்டை கட்டக் கல் கிடைக்காமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்ட ஓர் ஏழைக் கிழவி தன் திருகையைக் கொடுத்துவிட்டாளாம், அதைக் கேட்டு ஊரே கல் சுமந்து வந்ததாம். கதைதான், ஆனாலும் அந்தச் சுவரில் பழைய கல் சவப்பெட்டிகளையும்கூடப் பெயர்த்துவந்து அடுக்கியிருப்பதைப் பார்த்தால் கல் பஞ்சம் கதையில்லை என்று தெரியும்.

இனிப் பெரிய கோபுரம். வெளியே பார்த்தால் ஐந்து அடுக்கு. உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும். லிஃப்ட் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் பையில் போட்டுக் கையிலேயே சுமக்க வேண்டும். ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை என்றால் கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே முதுகுப்பையைக் காலியாக வைத்து, செருப்புப் பைகளை அதில் திணித்துவிடுங்கள். படிகள் ஏணிக்குத் தம்பி. மேலே போகப் போகச் செங்குத்து கூடும், தலைக்கு மேலே உத்தரம் இடிக்கும். நானூறு ஆண்டுக் கால்கள் தேய்த்த மரத்தில் சாதாரண சாக்ஸ் வழுக்கும். அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சாக்ஸ் கொண்டுபோனால் பெரிய நிம்மதி, டிசம்பரில் தரையின் குளிருக்கும் அது கைகொடுக்கும். புடவையோ வேட்டியோ வேண்டாம். தள்ளுவண்டி உள்ளே போகாது. கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம், ஆனால் இறங்கும்போது உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. தூக்கியவருக்குக் கீழே இன்னொருவர் முன்னால் இறங்கட்டும்.

கோபுரத்துக்குள் கழிவறை கிடையாது. நிலவறையில் முற்றுகைக் காலத்துக்கென்று கட்டிவைத்த பழைய கழிவறை உண்டு, அதையும் ஒருநாளும் யாரும் பயன்படுத்தவில்லை. கூட்ட நாளில் ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறுவதும் இறங்குவதும் ஒருவழிப் பாதை என்பதால், மூன்றாம் தளத்தில் பிள்ளை 'அம்மா, அவசரம்' என்றால் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நகர வேண்டியிருக்கும். எனவே எல்லாரையும் முன்பே போய்வரச் சொல்லுங்கள்.

உள்ளே அரண்மனை அலங்காரத்தை எதிர்பார்த்துப் போனால் வெறும் மரக்கூடம்தான். அதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது. நிலவறையிலிருந்து மேலே வரை போகும் இரண்டு தூண்களைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 24 மீட்டருக்கு மேல் உயரம், அடியில் ஒரு மீட்டரைத் தொடும் தடிமன். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூண் 1950களில் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பின்போது மாற்றப்பட்டது. ஒற்றை மரம் வாய்க்காததால் இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்திருக்கிறார்கள். மூன்றாம் தளத்தில் பெரும்பாலோர் படியைப் பார்த்து நடப்பார்கள், இந்த இணைப்பைக் கவனிப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் கோபுரம் ஏறாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் தீர்ப்பு. அவர்களோடு ஒருவர் மேற்கு முற்றத்துக்குப் போகலாம். அங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும், சில படிகள் உண்டு, ஆனால் மற்றபடி நீளமான மரத் தாழ்வாரம்தான். ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயெயாசுவின் பேத்தி செந்ஹிமே, ஹோந்தா குடும்பத்தில் மருமகளாக வந்து வாழ்ந்த பகுதி இது. அங்கிருந்து கோபுரம் பக்கவாட்டில் தெரியும். வாசலில் எடுக்கும் படத்தைவிட இங்கே எடுப்பது எடுப்பாக இருக்கும். மேலே போனவர்கள் இறங்கும் வழியில் ஒகிகு கிணறு வரும். பத்துத் தட்டில் ஒன்றைத் தொலைத்ததாகப் பழி சுமத்தி வேலைக்காரப் பெண்ணைக் கொன்று போட்ட கிணறாம்; இரவில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணும் குரல் கேட்குமாம். எட்டு வயதுக்கு மேலான பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கோட்டைக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். வெளியே வந்து ஓத்தே வாசலிலிருந்து மேற்கே அகழி ஓரமாக ஐந்து நிமிடம் நடந்தால் கோகோஎன். 1992இல் திறந்த தோட்டம் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் மண்ணைத் தோண்டி, சாமுராய்க் குடியிருப்புகளின் சந்துகளும் வேலிகளும் எங்கெங்கே இருந்தன என்று பார்த்து, அதே அமைப்பில் மண்சுவர் எழுப்பி, ஒன்பது தனித்தனித் தோட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்தம் மூன்றரை ஹெக்டேர். சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் இது ஒரு மூலைக்குக் காணாது. அங்கே நடந்து தீர்ப்போம். இங்கே ஒரு சுவரைத் தாண்டினால் காட்சி மாறும், அவசரப்பட்டால் ஒன்றும் நிற்காது. முதலில் வரும் பெரிய குளத் தோட்டத்தில் அருவி, வண்ணக் கெண்டைகள், சிவந்த மேப்பிள். எல்லாரும் அங்கேயே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். தேநீர்த் தோட்டம், பைன் தோட்டம், மூங்கில் தோட்டம், குன்றும் குளமும் சேர்ந்த தோட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரம் போதும். பாதையில் சரளையும் படிக்கற்களும் கலந்திருப்பதால் சக்கர நாற்காலியை எல்லா மூலைக்கும் தள்ள முடியாது. எந்த வழி தோது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேநீர் அறையில் பச்சைத் தேயிலைத் தூளைக் கடைந்து ஓர் இனிப்போடு தருவார்கள். இனிப்பை முதலில் தின்றுவிட்டுத் தேநீர் குடிப்பது முறை. மாற்றிச் செய்தால் கசப்பில் பிள்ளைகள் கிண்ணத்தைத் தள்ளிவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். தோட்டத்து உணவகத்தில் குளத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம், ஆனால் அங்கே பேர்போனது கடல் விலாங்கு. சைவக்காரர்களுக்கு ஜப்பானில் மீன் துண்டு பிரச்சினையில்லை, ஒதுக்கிவிடலாம். பிரச்சினை சாறு. உடோன் குழம்பு, மிசோ சூப், காய்கறி அவியல் எல்லாவற்றிலும் காய்ந்த கட்சுவோ மீனை ஊறவைத்த 'தாஷி' இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள்; 'கட்சுவோ தாஷியும் வேண்டாம்' என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சோற்று உருண்டையில் உப்பிட்ட உமெ பழம் வைத்ததுகூட மீன்சாறு கலந்திருக்கலாம், உறையின் பின்பக்கத்தை போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கிடைக்கும் உடனடிப் புளிசாதக் கலவை, பாக்கெட்டில் வரும் பருப்பு, ஊறுகாய் கைகொடுக்கும். ஆனால் இறைச்சி எதுவும் கொண்டுபோகாதீர்கள். பக்வாவோ கோழி ஃப்ளாஸோ, உறை பிரிக்காததாக இருந்தாலும் ஜப்பான் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை.

குப்பைத்தொட்டி தேடி அலையாதீர்கள், அகப்படாது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை போதும்.

திரும்பும் ஷின்கைசொக்கு பலவும் ஹிமெஜியிலோ அதற்குச் சற்று முன்னாலோ கிளம்புவதால் நான்கு மணிவாக்கில் உட்கார இடம் கிடைக்கும். ரயில் போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். அகாஷியைத் தாண்டியதும் கடல் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டு கிலோமீட்டருக்கு 9 மீட்டர் மட்டுமே குறைவான நடு இடைவெளி கொண்ட அகாஷி தொங்குபாலத்தின் அடியில் ரயில் நுழைந்து போகும். பிள்ளைகள் அதற்குள் தூங்கியிருந்தால், மைக்கோ நிலையத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் எழுப்பினால் சரியாக இருக்கும்.